எழுபத்தொரு வருடம் வேலை செய்த பீற்றர்

…எழுபத்தொரு வருடமாம், ஒரு மனிதன் ஒரே ஹோட்டலில் எழுபத்தொரு வருடம் வேலை செய்தானாம், கிருபைரட்ணம் மாஸ்டர் கொப்பியை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு ஆசை ஆசையாக வாசிக்கிறார், எனக்குக் கையில் சூடை மீனும் கத்தியும், வாயைத் திறந்தால் என்ன வருமோ என்று எனக்கே பயமாக இருக்கிறது. பெல்வியூ ஹோட்டலின் சரித்திரம் எழுதுகிறாராம். முதலாளிக்கு மைத்துனர், பள்ளிக்கூடத்தில் சரித்திரம் படிப்பித்தவர், கொழும்பிலிருந்து முதலாளி கடிதம் போட்டாராம், அதற்காக நாங்கள் இடம்பெயர்ந்து கிடக்கும் இந்த இணுவில் கொட்டில் வரைக்கும் வெயிலில் சைக்கிள் உழக்கி வந்திருக்கிறார். முதலில் கவர்னர் வந்து தங்கிய கதை, பிறகு பிலியட் மேசை கப்பலில் வந்து இறங்கிய கதை, சாப்பாட்டு மண்டபத்தில் வெள்ளைக்காரர் சோடி சோடியாக ஆடிய கதை… எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு ஒரு வெளிநாட்டுக்காரரும் வராமல் முன்விறாந்தையில் ஆடு படுத்த கதை மட்டும் இல்லை. கடைசியில் பீற்றர். ஆயிரத்துத் தொளாயிரத்துப் பத்தொன்பது தொடக்கம் தொண்ணூறு வரை மேல்மாடி விருந்தாளிகளுக்குப் பணிவிடை செய்து, முதிர்ந்த வயதில் உயிர் நீத்த விசுவாச ஊழியர். முதிர்ந்த வயதாம். சாகும்போது என் புருஷனுக்கு நாற்பத்து நாலு வயது.

இந்த மாஸ்டருக்குத் தெரியாதா, ஒவ்வொரு நத்தார்ப் பண்டிகைக்கும் ஹோட்டலுக்கு வந்து காலை நீட்டிக்கொண்டு பீற்றர், தண்ணி கொண்டா என்று கேட்டவர்தானே? முதல் இருந்த வெள்ளைக்கார மனேச்சருக்கு எங்கள் பெயர்கள் வாயில் நுழையவில்லை, மேல்மாடிக்கு யார் வேலைக்கு வந்தாலும் பீற்றர், வெள்ளைக்காரன் போனபிறகும் பீற்றர், கேட்டால் அது ஹோட்டலின் வழக்கம். தங்கிப் போனவர்கள் விருந்தினர் புத்தகத்தில் பீற்றர் நன்றாகக் கவனித்தான் என்று எழுத எழுத, மாஸ்டர் எல்லாவற்றையும் ஒரே ஆளின் தலையில் கட்டிவிட்டார், எண்பத்தைந்து வயதுக் கிழவன் ட்றங்குப் பெட்டியை மாடிக்குத் தூக்குவானா என்று ஒரு நிமிடம் யோசிக்கவில்லை, என்ன படிப்பித்தாரோ. அந்தப் புத்தகம்… தொண்ணூறாம் ஆண்டு ஆனி மாதம், யாழ்ப்பாணக் கோட்டையைச் சுற்றிச் சண்டை தொடங்கிய கிழமை, முதலாளி கொழும்புக்கு வான் வண்டியில் ஏறிக்கொண்டே பீற்றர், புத்தகத்தை எடுத்துவா என்றார், என் புருஷன் எடுத்துக் கொடுத்தார். பிறகு வெள்ளிக் கரண்டிப் பெட்டியையும் எடுத்துவா என்றார். அதற்கு உள்ளே போனவர்மேல்தான் ஷெல் விழுந்தது. ஹோட்டல் பேப்பரில் கொடுத்த மரண அறிவித்தலிலும் பீற்றர்தான், பண்டத்தரிப்பில் இருந்த அவரின் தாய் அதைப் பார்த்துவிட்டு, பாவம், ஆரோ பீற்றராம் என்று சொல்லிக்கொண்டு சமைத்தாளாம். சண்டைக்குள் ஆளனுப்ப வழியில்லை, பெற்ற தாய் இல்லாமல் அடக்கம் நடந்தது. இப்போது அச்சடித்துப் புத்தகமாகவும் போடப் போகிறார்கள், அதிலும் அவர் இல்லாமல் போனால் பிறகு எங்கேதான் இருப்பார்?

“மாஸ்டர், அவரின்ரை பேர் பீற்றர் இல்லை.”

“என்ன சொல்லுறீர் யசிந்தா?”

“சிமியோன். சூசைதாசன் சிமியோன். அறுபத்தெட்டிலைதான் வேலைக்குச் சேர்ந்தவர். வெட்டிப்போட்டு எழுதுங்கோ, நான் பாத்துக்கொண்டிருக்கிறன்.”

என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. மனுஷன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், முகம் கறுத்துப் போனது, போகட்டும், நன்றாகக் கறுக்கட்டும். ஒரு பந்தி முழுவதையும் குறுக்கே வெட்டினார். சிமியோன் என்று எழுதினார், எழுத்தெழுத்தாகப் பார்த்தேன், இரண்டு வருடமாக நெஞ்சில் கிடந்த ஏதோ அசைந்தது.

“அப்ப அறுபத்தெட்டுக்கு முந்தி இருந்த பீற்றர் ஆர், பிள்ளை? உமக்குத் தெரிஞ்சிருக்குமே.”

தெரியாமல் என்ன, நல்லாய்த் தெரியும், சிமியோனுக்கு வேலை பழக்கியவர், நெட்டை மனிதர், இடது காது கொஞ்சம் மந்தம்… எங்கள் கலியாணத்துக்கு வந்தவர், வந்த இடத்திலும் கதிரையில் இருக்கமாட்டாமல் பலகாரத் தட்டை வாங்கிக்கொண்டு எல்லாருக்கும் பரிமாறினார். பாவமாக இருந்தது எனக்கு, கூறைச் சேலையோடு எழும்பிப் போய்க் கையைப் பிடித்து இருத்தினேன். இருந்து சாப்பிடுங்கோ பீற்றர் அண்ணை என்றேன்.

மாஸ்டர் அவரின் பெயரை எழுதப் பேனையைத் திறந்தபடி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.