கோப்பை ஆட்டத்துக்கான கீப்பர்

என் கணவர் கால்பந்து கிளப்பில் கோல் கீப்பர். இரண்டாவது கீப்பர். அதாவது, மற்றவர்கள் ஆடும்போது ஓரத்து பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர். நான் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையின் முதலாளியம்மாவுக்கு இதில் தீராத சந்தேகம். "உங்க வீட்டுக்காரரை டிவியில பார்த்ததே இல்லையே?" என்பார். "நம்மாளுங்க கோல் போட்டா பெஞ்சுல எல்லாரும் துள்ளிக் குதிப்பாங்க இல்ல, அதுல கடைசியா எழுந்திருக்கிறவரைப் பாருங்க, அவர்தான்" என்பேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று எல்லாருக்கும் தெரியும். இந்தக் கேள்விக்கு மட்டும் வந்ததில்லை.

கல்யாணமான புதிதிலேயே அவர் ஒரு நிபந்தனை போட்டுவிட்டார். "நான் ஆடுற அன்னிக்கு மட்டும் நீ மைதானத்துக்கு வந்தா போதும். நான் உட்கார்ந்திருக்கிறதை யாரு வந்து பார்க்கிறது?" சரி என்றேன். அந்த நாள் வரவே இல்லை. முதல் கீப்பர் நெட்டையனுக்கு ஒரு ஜலதோஷம்கூடப் பிடிப்பதில்லை. சரி, அவனையாவது திட்டலாம் என்றால் அதற்கும் வழியில்லை. வீட்டுக்கு வந்தால் "அக்கா, அக்கா" என்று சுற்றிவந்து, சாப்பிட்ட பாத்திரத்தைக் கழுவி வைத்துவிட்டுத்தான் போவான்.

இந்த வருடம் எங்கள் லீக்கும் எல்லைக்கு அந்தப் பக்கத்து லீக்கும் சேர்ந்து, இரண்டு நாட்டு கிளப்புகளுக்கும் புதிதாக ஒரு கோப்பைப் போட்டி அறிவித்தன. கிளப்புகளில் ஒரு வழக்கம் உண்டு. லீக் ஆட்டமெல்லாம் முதல் கீப்பருக்கு, கோப்பை ஆட்டம் இரண்டாவது கீப்பருக்கு. "கோப்பை உன்னோடதுப்பா" என்று கோச் வாய்விட்டே சொல்லிவிட்டார். சீசன் முடிந்ததும் இவர் விலகுகிறார். முழங்கால் இனி தாங்காது. ஆக, முதலும் கடைசியுமாக ஒரே வாய்ப்பு.

மனிதருக்குக் கால் தரையில் நிற்கவில்லை. புதுக் கையுறையை நனைத்து நனைத்துப் பதப்படுத்திக் குளியலறைக் கொடியில் தொங்கவிட்டார். முகம் கழுவப் போனால் அது என் தலையில் சொட்டும். நானும் லீவு சொல்லிவைத்தேன். முதலாளியம்மா அன்றைக்குக் கடையையே பூட்டிவிட்டு வருவதாகச் சொன்னார்.

ஒருவருக்குக் கண்ணாடியைக் காதில் மாட்டிச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோதுதான் கடை டிவியில் செய்தி வந்தது. இறுதி ஆட்டம் எந்த நாட்டில் நடப்பது என்று இரண்டு லீக்குகளும் ஆளுக்கொரு பக்கம் இழுத்து, கடைசியில் போட்டியையே ரத்து செய்துவிட்டார்களாம். வீட்டுக்குப் போனேன். அவர் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"கேட்டியா?" என்றார்.

"கேட்டேன். பெரிய மனுஷங்க சண்டைக்கு உங்க ஆட்டம்தான் கிடைச்சுதா?"

"எனக்கு மட்டுமா போச்சு? அந்தப் பக்கமும் எத்தனை ரெண்டாவது கீப்பருங்க இருப்பாங்க. அவங்க வீட்லயும் இந்நேரம் வெங்காயம்தான் நறுக்கிட்டிருப்பாங்க."

நாலு திட்டு திட்டலாம் என்று வந்தவளுக்கு அழுகைதான் வந்தது. அழுதேன். வெங்காயத்தின் மேல் பழியைப் போட்டேன்.

இரண்டு நாள் கழித்து நெட்டையன் வந்தான். "அண்ணே, கடைசி லீக் ஆட்டத்துல எனக்குத் தொடையில பிடிப்புன்னு சொல்லிடறேன். நீங்க இறங்குங்க."

"நடிக்கிறதுக்கு இதென்ன சினிமாவா? ஒழுங்கா ஆடுற வழியைப் பாரு."

"அக்கா, நீங்களாவது சொல்லுங்களேன்."

நான் சொல்லியிருந்தால் ஒப்புக்கொண்டிருப்பார். அதனாலேயே வாயைத் திறக்கவில்லை. ஆனால் அவர் அந்தப் பச்சைத் தரையில் நிற்பதை ஒரு தடவைகூடப் பார்க்காமல் இது முடிந்துபோவதை என்னால் தாங்க முடியவில்லை.

கடைசி ஆட்டத்தன்று அவரிடம் சொல்லாமல் டிக்கெட் வாங்கிக்கொண்டு போனேன். எப்போது போக வேண்டும் என்றுகூடத் தெரியாததால் கதவைத் திறந்ததுமே உள்ளே நுழைந்துவிட்டேன். அத்தனை நாற்காலிகளும் காலி. கோலுக்குப் பின்னால், அவர் கண்ணில் படாமல் ஒரு தூணோரமாகப் போய் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் இவரும் நெட்டையனும் ஒரு மூட்டைப் பந்தோடு வந்தார்கள்.

ஆட்டத்துக்கு முன் முதல் கீப்பரின் உடம்பைச் சூடேற்றுவது இரண்டாவது கீப்பரின் வேலையாம். அதுகூட எனக்குத் தெரியாது. இவர் உதைக்க உதைக்க நெட்டையன் பாய்ந்தான். ஒவ்வொரு பந்தும் அவன் விரல் நுனிக்கே போனது. ஒரு அங்குலம் தள்ளிப் போயிருந்தால் எட்டாது, ஒரு அங்குலம் கிட்டே வந்திருந்தால் பாய வேண்டியிருக்காது. கடைசிப் பந்தை மட்டும் மெதுவாக அவன் மார்புக்கே போட்டார். பந்தைப் பிடித்த தெம்போடு அவன் ஆட்டத்துக்குப் போக வேண்டும் என்பதற்காகவாம். இத்தனை வருடமாக இதைத்தான் செய்துகொண்டிருந்தாரா?

அப்போது நெட்டையன் என்னைப் பார்த்துவிட்டான். அதை இவரிடம் காட்டிக்கொள்ளாமல், பிடித்த பந்தோடு கோலை விட்டு வெளியே வந்து, "அண்ணே, நீங்க உள்ள நில்லுங்க" என்றான். இவர் முனகிக்கொண்டே போய் நின்றார்.

அவன் ஈவிரக்கமில்லாமல் உதைத்தான். இவர் எல்லாவற்றையும் தடுத்தார். ஆனால் ஒன்றையும் பிடிக்கவில்லை. தட்டித் தட்டி அவன் காலடிக்கே திருப்பி அனுப்பினார். அடுத்தவனுக்குப் பந்து எடுத்துக்கொடுத்தே பழகிய கை.

"பிடிங்கண்ணே! யாருக்குத் திருப்பிக் குடுக்கிறீங்க?" என்று நெட்டையன் கத்தினான்.

அடுத்த பந்து மேல் மூலைக்குப் பறந்தது. அவரும் பறந்தார். இரண்டு கையாலும் பிடித்து, மார்போடு அணைத்தபடியே புல்லில் விழுந்து கிடந்தார். நான் எழுந்து நின்று கைதட்டினேன். அவ்வளவு பெரிய மைதானத்தில் ஒரே ஒரு ஜோடிக் கை.

திரும்பிப் பார்த்தவர் வேலியருகே ஓடி வந்தார். "நீ எப்போ வந்த? நான்தான் இன்னிக்கு ஆடலையே."

"அப்போ இப்ப பண்ணினதுக்கு என்ன பேராம்?"

கண்ணைத் துடைக்கப்போய் முகமெல்லாம் மண்ணைப் பூசிக்கொண்டார். "இன்னும் கொஞ்சம் சத்தமா தட்டியிருக்கலாம்" என்றார். கை சிவக்கத் தட்டினேன். அவர் பந்துகளைப் பொறுக்கி மூட்டையில் போட்டுக்கொண்டு உள்ளே போனார்.

கூட்டம் வரத் தொடங்கியிருந்தது. நான் எல்லாரையும் விலக்கிக்கொண்டு எதிர்ப்பக்கமாக நடந்தேன். வாசலில் டிக்கெட் கிழிப்பவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"என்னம்மா, ஆட்டமே இன்னும் ஆரம்பிக்கலையே?"

"நான் பார்க்க வந்தது முடிஞ்சுபோச்சுங்க" என்றேன்.