கூட்டி வந்தவர் கணக்கு

இரண்டு லட்சத்து எண்பத்தாறாயிரத்து நானூறு யென். ஊதுபத்தியை ஏற்றி, நெமோட்டோவின் படத்தைக் கும்பிட்டுவிட்டு, துக்கம் விசாரிப்பதுபோலக் குனிந்துதான் மகபே அந்தத் தொகையைச் சுமியேவின் காதில் சொன்னார்.

"இப்பவே வேணும்னு இல்லம்மா. நாப்பத்தொம்பதாம் நாள் காரியம் முடிஞ்சப்புறம் குடுத்தாப் போதும்."

பதினோரு வருடமாக அவள் புருஷன் நெமோட்டோ "மாஸ்டர், மாஸ்டர்" என்று உருகியது இந்த ஆளைப் பார்த்துத்தானா? பெரிய உருவமாக நினைத்து வைத்திருந்தாள். தோள் ஒடுங்கிய சின்ன ஆள். கை மட்டும் கழுவிக் கழுவி வெளுத்திருந்தது.

ஒசாகாவில் ரயில் பாலத்துக்குப் பின்னால், பல் டாக்டர் வீட்டு மாடியில், பெயர்ப்பலகை இல்லாத ஒரு கதவு. உள்ளே மகபேயின் கடை, எட்டே எட்டு இருக்கை. தெரிந்தவர் யாராவது கூட்டிக்கொண்டு போனால்தான் அங்கே சோற்றுப் பிடியின்மேல் பச்சை மீன் வைத்த சூஷி கிடைக்கும். கதவுக்கு அந்தப் பக்கம் என்னவோ கருவறை இருப்பதுபோல ஊரில் பாதிப் பேர் அந்தச் சந்தில் மோப்பம் பிடித்துத் திரிந்தார்கள். ஏ.சி. மெக்கானிக் நெமோட்டோ மோப்பம் பிடிக்கவில்லை. ஒரு கோடையில் மகபேயின் மீன் வைக்கும் குளிர்பெட்டி நின்றுபோய், பழுது பார்க்கப் போனார். வேலை முடிந்ததும் ஒரு இருக்கையைக் காட்டினார்கள். அன்றிலிருந்து பைத்தியம் பிடித்தது.

"நானும் ஒரு நாள் வரட்டுமா?" என்று சுமியே ஒரு தடவை கேட்டாள்.

"மாஸ்டர்கிட்ட மொதல்ல கேக்கணும்" என்றார்.

கேட்டாரோ, இல்லையோ. போன வருடம் தன் கம்பெனி மேனேஜர் இகுஷிமாவைக் கூட்டிக்கொண்டு போனார்.

அந்த இகுஷிமா பக்கத்து அறையில்தான் உட்கார்ந்திருந்தான். துக்கத்துக்கு வந்தவர்களுக்கு வழக்கம்போல சூஷித் தட்டு வரவழைத்திருந்தாள். கம்பெனி ஆட்களிடம் அளந்துகொண்டிருந்த அவன் குரல் இங்கே வரை கேட்டது.

"அந்த மாதிரி எடமெல்லாம் போன்ல தேடினா கெடைக்காதுப்பா. மாஸ்டர் மனசுல எடம் புடிக்கணும். செண்ட் அடிக்கக் கூடாது. போட்டோ எடுக்கக் கூடாது. வெல கேக்கவே கூடாது."

"கேக்காம எப்படி சார் காசு குடுப்பீங்க?"

"அதெல்லாம் கணக்குல ஏறிக்கும். இதப் பாரு, இதயெல்லாம் சூஷின்னு சொன்னா மீனே சிரிக்கும்." சொல்லிவிட்டு நான்காவதை வாயில் போட்டுக்கொண்டான்.

சுமியே மகபேயைப் பார்த்தாள். சாப்பாட்டுப் பெட்டி கட்டும் தொழிற்சாலையில் அவளுக்கு அவர் சொன்ன தொகை இரண்டு மாதச் சம்பளத்துக்கு மேல். கையில் இருந்தது மூன்று லட்சம். நாளைக் காலை அதைச் சவ அடக்கக்காரனுக்குக் கொடுத்தால்தான் வண்டி கிளம்பும். அதற்குப் பிறகு வீட்டில் சல்லிக்காசு கிடையாது.

"எங்க வீட்டுக்காரர் அவ்வளவு சாப்பிட்டாரா?"

"அவரா? மாசத்துக்கு ஒரு தடவ வருவாரு. அப்பவே குடுத்துருவாரு. இது மேனேஜர் சாரும் அவர் ஆளுங்களும் சாப்பிட்டது."

"அப்ப அவர்கிட்டயே கேளுங்க."

"அப்படிக் கேக்குறதில்லம்மா. யாரு கூட்டிட்டு வந்தாங்களோ அவங்கதான் பொறுப்பு. அந்த நம்பிக்கைலதான் கதவத் தொறக்குறோம். நெமோட்டோவுக்கும் தெரியும். மார்ச்சுலேர்ந்து மாசாமாசம் கட்டிட்டுத்தான் வந்தாரு. இது மிச்சம்."

மார்ச்சிலிருந்துதான் அவர் ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்குப் போனார். கேட்டால் சீசன் என்பார். போன ஞாயிறு ஒரு பலசரக்குக் கடையின் மொட்டை மாடியில், ஓடிக்கொண்டிருந்த இயந்திரத்துக்குப் பக்கத்தில் விழுந்து கிடந்தார். சாப்பாட்டு நேரம் தாண்டித்தான் யாரோ ஏறிப் பார்த்தார்கள்.

"அன்னிக்கு ராத்திரி முழுக்க உங்க மீன் பெட்டிய ரிப்பேர் பண்ணாரே, என்ன குடுத்தீங்க?"

"அவரு வாங்க மாட்டேன்னுட்டாரு. அதனாலதான் நம்ம வீட்டு மனுஷனா ஆனாரு."

"வீட்டு மனுஷன்கிட்ட மீனுக்குக் காசு வாங்கினீங்களாக்கும்."

"மீன் என்ன சும்மாவா வருது?" மகபே உண்மையாகவே ஆச்சரியப்பட்டார்.

சுமியே எழுந்தாள். மண்டியிட்டு மண்டியிட்டுக் கால் மரத்துப்போயிருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு பக்கத்து அறைக்குப் போனாள். பின்னால் வந்த மகபேயைக் கண்டதும் இகுஷிமா தட்டைப் பக்கத்து ஆளிடம் தள்ளிவிட்டுத் துள்ளி எழுந்தான்.

"மாஸ்டர்! நீங்களே வந்துட்டீங்களா!"

செத்தவருக்குக் குனிந்ததைவிட ஆழமாகக் குனிந்தான்.

"மேனேஜர் சார்" என்றாள் சுமியே. "நீங்க சாப்பிட்டதுக்கெல்லாம் எங்க வீட்டுக்காரர்தான் பொறுப்பாம். அவரு போயிட்டதால இப்ப நான் பொறுப்பாம்."

"அது வந்தும்மா... இந்த நேரத்துல போய்..."

"பழச விடுங்க. இனிமே நீங்க சாப்பிடப் போறதுக்கும் நான்தானே ஜவாப்பு? எனக்கு உங்களத் தெரியாது. தெரியாத ஆளுக்கு நான் எப்படிப் பொறுப்பாவேன்? மாஸ்டர், இனிமே இவர உள்ள விடாதீங்க."

 மகபே கொஞ்சம் யோசித்தார்.

"பொறுப்பானவங்க வேணாம்னுட்டா வேணாந்தான். முறை அதுதான்."

இகுஷிமாவின் முகம் வெளிறியது. மூன்று நாளாக நெமோட்டோவின் சாவுக்கு அது வெளிறவில்லை.

"வெள்ளிக்கெழம டோக்கியோலேர்ந்து டைரக்டர் வர்றாரும்மா! ஆறு பேருக்குச் சொல்லி வெச்சிருக்கேன்!"

"அப்ப உங்க கணக்க நீங்களே தீத்துட்டு, நீங்களே மாஸ்டர்கிட்ட பேசிக்குங்க."

கறுப்பு டை தோளுக்கு மேல் பறக்க அவன் தெருமுனைக் கடைக்கு ஓடினான். பணம் எடுக்கும் இயந்திரம் அங்கே இருந்தது. மாஸ்டரிடம் வெறும் நோட்டை நீட்டினால் மரியாதை இல்லையே. கடையில் கிடைத்த கவர் ஒன்றில் போட்டுக்கொண்டு வந்தான். துக்கப் பணம் வைக்கும், கறுப்பு வெள்ளை நூல் கட்டிய கவர். மகபே அதைப் பிரித்து, நோட்டை எண்ணி, மீதி மூவாயிரத்து அறுநூறை அவன் கையில் வைத்தார்.

"வெள்ளிக்கெழம, மாஸ்டர்?"

"யாராச்சும் கூட்டிட்டு வந்தா வாங்க."

சுமியே வாசல்வரை போனாள்.

"உங்க கணக்கு தீந்துபோச்சும்மா" என்றார் மகபே, ஷூவை மாட்டிக்கொண்டே. "ஒரு நாள் கடைக்கு வாங்களேன்."

"யாரு கூட்டிட்டு வருவாங்க?"

அவர் தலை குனிந்துவிட்டு வெளியே போய், தீட்டுக் கழியக் கொடுத்திருந்த உப்புப் பொட்டலத்தைக் கிழித்தார். மூன்று விரலால் அள்ளி, மீன் துண்டுக்குத் தூவுவதுபோலத் தோளிலும் காலிலும் ஒரே சீராகத் தூவிக்கொண்டார். விரலில் ஒட்டியிருந்த மிச்சத்தை, பழக்கதோஷத்தில், நாக்கில் வைத்துப் பார்த்தார். முகத்தைச் சுளித்தார்.