திரும்பத் திரும்ப வந்த ஷாட்

அந்த ஷாட் முதல் தடவை திரும்பி வந்தபோது என் மறதி என்று நினைத்தேன். இரண்டாம் தடவை வந்தபோது காதைப் பிடித்துத் திட்டினேன். காது என்பது எங்கள் ஒலிப்பதிவாளர். பெற்றோர் வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்ப்பதில்லை.

"நான் தொடவே இல்ல தாயே. சவுண்டைத் தவிர வேற எதுலயும் கை வைக்கிற ஆளா நான்?"

பஸ் பணிமனையில் வேலை செய்யும் பெண் மெக்கானிக்குகளைப் பற்றிய ஆவணப்படம் அது. ஒருத்தி பிரேக்கைச் சரிசெய்துவிட்டு, கை கழுவியபடி கேமராவைப் பார்த்துப் புன்னகைக்கிறாள். கதைக்கு ஒட்டவில்லை, வெட்டினேன். மறுநாள் பார்த்தால் அதே இடத்தில் சப்பணம் போட்டு உட்கார்ந்திருக்கிறது.

நாங்கள் கட்டற்ற மென்பொருளில் வேலை செய்கிறவர்கள். யார் வேண்டுமானாலும் நிறுவிக்கொள்ளலாம். நான் இங்கே வெட்டினால், பகிர்வுக் கோப்புறை வழியாக அது காதின் வீட்டுக் கணினிக்குத் தானே போய்ச் சேர்ந்துவிடும். நடுவில் எந்தக் கம்பெனியும் இல்லை. ஆனால் ஒரே நேரத்தில் இருவர் திறந்தால் குளறுபடிதான். அதனால் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம்: திறக்கிறவர், ஷாட்டுகளை வரிசையாக அடுக்கும் டைம்லைனின் தொடக்கத்தில் ஒரு வண்ணக் குறி வைத்து 'என்கிட்ட இருக்கு' என்று எழுதவேண்டும். எனக்குப் பச்சை, காதுக்கு நீலம். ஊதா என் தங்கைக்கு.

தங்கை எங்களோடு வேலை செய்தவள். போன வருடம் ஒரு படத்தின் முடிவைப் பற்றி வாய்ச்சண்டை வந்து, லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போனவள் போனவள்தான். நான் கூப்பிட்டால் போனை எடுப்பதில்லை. அவள் இல்லாத இந்த அறை எனக்குப் பிடிக்கவே இல்லை. அதை யாரிடம் போய்ச் சொல்வது?

மூன்றாம் தடவை ஷாட் வந்ததும் காது பகிர்வுப் பட்டியலைத் திறந்து பார்த்தார். எங்கள் இரண்டு கணினிகளுக்குக் கீழே இன்னொன்று இருந்தது.

"இது உன் தங்கச்சி லேப்டாப்மா. எடுக்க மறந்தே போயிட்டோம். தூக்கிடவா? ஒரே க்ளிக்."

"கையை எடுங்க!"

"நாளைக்குப் படத்தைக் கொடுக்கணும்."

"தெரியும். எதுக்கு இந்த ஷாட்? அதைக் கண்டுபிடிங்க முதல்ல."

அக்காவோடு பேசமாட்டாளாம், அக்காவின் டைம்லைனில் மட்டும் குறிகூட வைக்காமல் புகுந்து விளையாடுவாளாம். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் அந்தக் கோபத்தைவிட ஆவல் பெரிதாக இருந்தது.

மென்பொருள் தானாகச் சேமித்து வைத்திருந்த பழைய பிரதிகளை ஒவ்வொன்றாகத் திறந்தோம். காதுதான் கவனித்தார். ஷாட் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் நீண்டிருந்தது. தலை அப்படியே இருக்க, வால் மட்டும் வளர்ந்திருந்தது.

"வால்ல என்ன இருக்கு? கேட்டியா நீ?"

நான் எங்கே கேட்டேன்! முதல் வெட்டை ஒலியை அடைத்துவிட்டுச் செய்வதுதான் என் பழக்கம். படம் முடிவான பிறகுதான் அவரிடம் ஒலி போகும். அவர் ஸ்பீக்கரைத் திருகினார்.

குழாய்த் தண்ணீர் விழும் சத்தம். பிறகு மெக்கானிக்கின் குரல். "நீங்க ரெண்டு பேரும் அக்கா தங்கச்சியா?"

அடுத்து என் குரல். "ஆமா. என் படம் பார்க்கிற மாதிரி இருக்குன்னா அது இவளாலதான்."

அன்று காது வராததால் தங்கைதான் மைக்கைப் பிடித்திருந்தாள்; அது ஆடியது. அவள் வெட்கத்தோடு சிரித்தாள். "அக்கா, மைக் ஓடிட்டிருக்கு!"

சண்டைக்கு முன்னால் எடுத்தது. அப்படிச் சொன்னதே எனக்கு நினைவில்லை. அவளுக்கு இருந்திருக்கிறது. காது டீ போடப் போய்விட்டார்.

ஷாட்டை நான் நீக்கவில்லை. அதன் மேல் அவளுடைய ஊதா நிறத்திலேயே ஒரு குறி வைத்து எழுதினேன்: 'தப்பான இடத்துல வெச்சிருக்க. சரி பண்ணு.' என் பச்சைக் குறியை எடுத்துவிட்டு மூடினேன்.

காலையில் திறந்தபோது ஷாட் படத்தின் கடைசிக்குப் போயிருந்தது. அங்கே அது அத்தனை கச்சிதமாகப் பொருந்தியதில் எனக்குப் பொறாமையே வந்தது. காதும் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்து பார்த்தார்.

டைம்லைனின் தொடக்கத்தில், முறைப்படி, ஒரு ஊதாக் குறி இருந்தது. 'என்கிட்ட இருக்கு. நீ கை வைக்காதே. அங்க வந்து முடிச்சுத் தரேன்.'

மூன்றாவது நாற்காலியில் குவிந்து கிடந்த வயர்களை இரண்டு கையாலும் அள்ளிக் கீழே போட்டேன்.