ட்ரூடி விட்டுக்கொடுத்த வாதம்

ஞாயிற்றுக்கிழமை காலை, தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் பான்கேக் விருந்து. மூலையில் இருந்த தொலைக்காட்சியில் ஈராக்கியர்கள் வரிசையில் நின்று வாக்களித்துவிட்டு, மை தோய்ந்த விரலைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. எங்கள் ஒஹாயோ மாவட்டத்தில் குடியரசுக் கட்சியின் பெண்கள் அணிச் செயலாளர் நான். இரண்டு வருடமாக இந்தப் போருக்காகத் தொண்டை கிழியப் பேசியவள்.

"பாத்தீங்களா, இதுக்குத்தான் சொன்னோம்," என்றேன், எல்லார் காதிலும் விழும்படி. உண்மையைச் சொன்னால், ஒருத்தி காதில் விழுந்தால் போதும் எனக்கு. அவள் அடுப்பருகே பான்கேக் திருப்பிக்கொண்டிருந்தாள்.

ட்ரூடி எங்கள் எதிர்வீட்டுக்காரி. பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள். ஜனநாயகக் கட்சியில் ஊறியவள். அவள் மகன் கோரியும் என் மகன் வேடும் ஒரே படைப்பிரிவில் ஈராக்கில் இருந்தார்கள். அன்று அவர்களுக்கு ஒரு பள்ளிக்கூட வாக்குச்சாவடியில் காவல்.

"பாக்க நல்லாத்தான் இருக்கு," என்றாள் ட்ரூடி, திரும்பாமலே. "நம்ம பசங்க கிளம்பி வந்தப்புறம் அந்த விரல எவனும் வெட்டாம யாரு பாத்துக்கப் போறா?"

"நவம்பர் தேர்தல்ல தோத்த எரிச்சல் உனக்கு இன்னும் ஆறல."

"ஜெயிச்சீங்க, யாரு இல்லேன்னா? நம்ம கொலம்பஸ்ல ஓட்டுப் போட மழையில அஞ்சு மணி நேரம் நின்னவங்கள போய்க் கேளு. வெளியூருக்கு ஜனநாயகம் அனுப்புறதுக்கு முன்னாடி இங்க கொஞ்சம் மிச்சம் வச்சிருக்கலாம்."

சிலர் சிரித்தார்கள். எனக்கு முகம் சுட்டது. "அப்போ உன் பையன் அங்க நிக்கிறது வீணா? அதையும் சொல்லிடு," என்றேன்.

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். "அவன் வேலைய நான் குத்தம் சொல்லல. அனுப்பினவங்களச் சொல்றேன். முதல்ல அங்க பேரழிவு ஆயுதம் இருக்குன்னாங்க. அது கிடைக்கல. இப்ப ஓட்டுங்கறாங்க. நாளைக்கு என்ன சொல்லுவாங்களோ. அதுக்கும் நீதான் மைக்க பிடிச்சுக்கிட்டு நிப்ப."

அன்று மாலையிலிருந்து அங்கிருந்து ஒரு மின்னஞ்சலும் இல்லை. படைப்பிரிவில் யாராவது செத்தால் தொலைபேசி, இணையம் எல்லாவற்றையும் அடைத்துவிடுவார்கள். இறந்தவன் வீட்டுக்கு முறைப்படி சொன்ன பிறகே திறப்பார்கள். எங்களைப் போன்ற தாய்மார்களுக்கு இது மனப்பாடம். போன் வந்தால் பிள்ளை இருக்கிறான். வாசலுக்கு ராணுவக் கார் வந்தால் இல்லை.

திங்கட்கிழமை முழுவதும் கழுவிய பாத்திரத்தையே கழுவினேன். போன் வேலை செய்கிறதா என்று எடுத்துப் பார்ப்பேன். அந்த நொடியில் வேட் கூப்பிட்டால் என்ன ஆவது என்று பதறி வைப்பேன். சாலையில் எந்த வண்டி வேகம் குறைத்தாலும் ஜன்னலுக்கு ஓடினேன். தபால்காரர் சாலையின் ஒரு பக்கம் மட்டுமே வருவார் என்பதால் இரண்டு வீட்டுத் தபால் பெட்டிகளும் எங்கள் வாசலில் ஒரே கம்பத்தில்தான். அங்கே ட்ரூடியைப் பார்த்தேன்.

"ஏதாவது வந்துதா?"

"இல்ல. உனக்கு?"

"இல்ல."

அவ்வளவுதான். பிரிந்து நடந்தபோது என் மனதில் ஒரு பிரார்த்தனை தொடங்கியது. இருவரில் ஒருவனை எடுத்துத்தான் ஆகவேண்டுமென்றால், என்று தொடங்கியது. அதை முடிக்கவில்லை என்று சொல்ல எனக்கு ஆசை. முடித்தேன்.

செவ்வாய்க்கிழமை மதியம் மூன்று மணிக்கு எங்கள் வாசலுக்குள் கார் திரும்பியது. சீருடையில் இருவர் இறங்கினார்கள், ஒருவர் பாதிரியார். நான் கதவைத் திறக்கவில்லை. திறக்காதவரை வேட் உயிரோடு இருப்பான் என்று கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றேன். மூன்றாவது முறை தட்டியபோது திறந்தேன்.

"திருமதி ட்ரூடி ஹாஃப்ஸ்டெட்டர் நீங்கதானாம்மா?" என்றார் அதிகாரி.

தபால் பெட்டியில் இருந்த பெயரைப் பார்த்து வந்திருக்கிறார்கள். எனக்குள் எழுந்தது மகிழ்ச்சி. வேறு பெயர் வைத்து அதை மூட மாட்டேன். கதவு நிலையில் சாய்ந்து, கடவுளே உனக்கு நன்றி என்று முணுமுணுத்தேன். பாதிரியார் தலை குனிந்துகொண்டார். அவர் கேட்டிருப்பார்.

"எதிர்வீடு," என்றேன். "அவ ஸ்கூல் பஸ் ஓட்டிக்கிட்டு இருக்கா. நாலு மணிக்குத்தான் வருவா. அவ வாசல்ல நிக்காதீங்க. பிள்ளைங்களோட இந்தப் பக்கமா வருவா. உங்க காரப் பாத்தா வண்டி கையில நிக்காது. இங்கேயே இருங்க."

அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு உள்ளே வந்து சமையலறை மேசையில் அமர்ந்தார்கள். காபி ஊற்றினேன். யாரும் தொடவில்லை. கார் என் வாசலில் நின்றது. அந்த ஏற்பாட்டில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

நாலு மணிக்குச் சற்று முன்னால் மஞ்சள் பேருந்து எங்கள் வாசலருகே வந்தபோது மெதுவானது. ஒரு கணம் நின்றேவிட்டது. பிறகு பிள்ளைகளை இறக்கிவிடப் போனது. அவள் என்ன நினைத்திருப்பாள் என்பது அப்போதும் என் புத்திக்கு எட்டவில்லை.

கால் மணி நேரத்தில் காலிப் பேருந்து திரும்பி வந்து, நடுச்சாலையில் நின்றது. ட்ரூடி மேலங்கிகூட இல்லாமல் பனியில் ஓடிவந்தாள். கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தவள், அந்த இருவரையும் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், என்னை இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"மார்லிஸ், என் கண்ணே," என்று அழுதாள். "நம்ம வேட். என் கையில வளந்த பிள்ளைடி அவன்."

"ட்ரூடி, இல்ல, கேளு," என்றேன்.

"நீ பேசாத. நான் பேசறேன். நான் ஞாயித்துக்கிழமை சொன்னதெல்லாம் தப்பு. எல்லாமே தப்பு. அந்த ஜனங்க ஓட்டுப் போட்டாங்க, நானும் பாத்தேன். அத உன் பிள்ளைதான் வாங்கிக் குடுத்தான். வீணா போகல. கேக்குதா? நீ சொன்னதுதான் சரி."

இரண்டு வருடமாக அவள் வாயிலிருந்து இதை வரவழைக்கத்தான் நான் மல்லுக்கட்டினேன். இப்போது அவள் அதில் ஒரு சொல்லைக்கூட நம்பாமல், எனக்காக, முழுதாகத் தந்துவிட்டாள். நான் அவளைப் பிடித்துக்கொண்டேன். விட்டால் உடனே அவர்கள் பக்கம் திரும்பிவிடுவாளே என்று பயந்தேன்.

நாற்காலிகள் நகர்ந்தன. அதிகாரி எழுந்து நின்று தொப்பியைக் கையில் எடுத்தார். "திருமதி ட்ரூடி ஹாஃப்ஸ்டெட்டர்?" என்றார்.

ட்ரூடி என் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். "அவரு என்னமோ கேக்கறாரு," என்றாள் என் காதருகே. "நான் பாத்துக்கறேன். நீ உக்காரு."