நான் வைக்காத வாசக்கால்

இரண்டாயிரத்து ஆறில் பீர்க்கன்கரணை ஏரிக்குப் பின்பக்கம் குமரேசன் சார் வீடு கட்டினார். முன்பு அவர்கள் குடும்பம் அங்கே நெல் போட்ட இடம்தான். மனை மனையாக விற்றுவிட்டு, மீதியில் மாடி வீடு எழுப்பினார். கடைக்கால் தோண்டிய நாளிலிருந்து நான்தான் அங்கே கொத்தனார்.

அப்போதே பதினெட்டு வருஷமாகக் கரண்டி பிடித்துக்கொண்டிருந்தேன். ஆனால் ஒரு வீட்டுக்கும் வாசக்கால் வைத்ததில்லை. தலைவாசல் நிலையை மேஸ்திரி துளசிங்கம் அண்ணன்தான் எப்போதும் வைப்பார். எங்கள் தொழிலில் நிலை வைத்தவன் பேரைத்தான் அந்த வீட்டுக்குச் சொல்லுவார்கள். சுவர் எழுப்பியவனையெல்லாம் யாரும் கேட்பதில்லை. அண்ணனுக்குச் சர்க்கரை வந்து கண் மங்கிப்போனதால், "இந்தத் தபா நீ வைடா மாணிக்கம்" என்றார். அன்று சாயங்காலமே போய், நிலை நேராக நிற்கிறதா என்று பார்க்கிற தூக்குக் குண்டுக்குப் புது நூல் வாங்கிக் கட்டினேன்.

வெள்ளிக்கிழமை ஒன்பதே காலிலிருந்து பத்தே கால் வரை நல்ல நேரம். தேக்கு நிலையைச் செய்தவர் பெருங்களத்தூர் தச்சர் தஸ்தகீர் பாய். வந்தவர்களிடமெல்லாம் குமரேசன் சார், "பாய் கைவேல, சுத்தமா இருக்கும்" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நவதானியத்தை மஞ்சள் துணியில் முடிந்து நிலையில் கட்டியது நான்தான். அதில் எனக்கு ஒன்றுமில்லை. அவர் வீடு, அவர் சாமி.

சாரின் மனைவி புஷ்பலதா அம்மா குங்குமத் தட்டோடு வந்தார். நிலைக்கு வைத்தார். மேஸ்திரிக்கு வைத்தார். பாய்க்கு வெற்றிலை பாக்கு மட்டும் கொடுத்துவிட்டு என்னிடம் வந்தார்.

"எனக்கு வேணாம்மா. நிலைக்கு வெச்சாப் போதும்."

"ஏன்?"

ஏதாவது பொய் சொல்லியிருக்கலாம். வாயில் வரவில்லை. "நான் சர்ச்சுக்குப் போறேம்மா."

நீட்டிய விரல் அப்படியே நின்றது. "மாணிக்கவேல்னு பேரை வெச்சுக்கிட்டா?"

"அது எங்கப்பா வெச்ச பேரும்மா."

குமரேசன் சார் செல்போனைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு வந்தார். "எப்பலேர்ந்து இது?"

"நாலு வருசமா சார்."

"எவ்ளோ குடுத்தாங்க?"

சித்தாள் ஜெயக்கொடிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. "இன்னாண்ணா, கோதுமையா, பால் பவுடரா? எங்களுக்கு ஒரு பாக்கெட்டு கண்ணுல காட்டல பாத்தியா!"

எத்தனை பேர் இதைக் கேட்டுவிட்டார்கள். டீக்கடையில் கேட்டார்கள், என் சொந்த மச்சான் கேட்டான். நான் சொல்லும் பதிலை ஒருத்தரும் நம்பியதில்லை. நாற்பது வயதில் எழுத்துப் படிக்கப் போனேன். அஸ்தினாபுரத்தில் ஒரு சர்ச் கூடத்தில் ஜெயசீலி டீச்சர் சாயங்காலம் சொல்லிக்கொடுத்தார். செங்கல் தூசியோடு போனவனை நாற்காலியில் உட்காரச் சொன்னார். பெரிய எழுத்தில் அங்கே இருந்த புத்தகம் பைபிள் ஒன்றுதான். எழுத்துக் கூட்டிக் கூட்டி அதைப் படித்தேன். யாரோ என்னோடு பேசுவது போல இருந்தது. பிறகு நானாகத்தான் ஞாயிற்றுக்கிழமையும் போனேன். இதில் கோதுமை எங்கே வந்தது?

"ஒண்ணும் வாங்கல சார்."

"சும்மா எவனாவது போவானா?"

கம்பி கட்டுகிற ஹேமநாத் கார்த்திகையில் மாலை போட்டால் நானும்தான் அவனைச் 'சாமி' என்று கூப்பிடுகிறேன். பாய் வெள்ளிக்கிழமை மத்தியானம் உளியை வைத்துவிட்டுத் தொழுகைக்குப் போனால் ஏன் என்று யாரும் கேட்பதில்லை. நான் மட்டும் எவனிடமோ விலைபோனவன். ஆத்திரத்தில் கேட்டே விட்டேன்.

"பாய்க்குப் பொட்டு வெக்கலியே சார்?"

"அவரு பொறந்ததுலேர்ந்து பாய். நீ நடுவுல போனவன். நாளைக்கு என் வூட்டு வாசல்லயே நின்னுகினு எல்லாரையும் அல்லேலூயா பாட வெப்பே."

மணி பத்து ஆகிவிட்டது. துளசிங்கம் அண்ணன் என்னைச் சுவரோரம் இழுத்துக்கொண்டு போனார்.

"டேய், ரெண்டு நிமிசம் வெச்சிகினு அப்பால தொடச்சிக்கோயேன். இன்னாத்துக்கு பேஜார் பண்றே?"

"தொடைக்கிறதுக்கு எதுக்குண்ணா வெச்சிக்கணும்? அது அந்தம்மாவுக்கும் மரியாதை இல்ல."

"அப்ப தள்ளு."

அண்ணனே நிலையைப் பிடித்தார். நேரம் போகுது, நேரம் போகுது என்று ஆளுக்கு ஆள் கத்தினார்கள். தூக்குக் குண்டை விட்டுப் பார்த்தார். அவர் கண்ணுக்கு நூல் தெரிந்ததா என்பதே சந்தேகம். கலவையைப் போட்டு இறுக்கி, தேங்காய் உடைத்து, கற்பூரம் காட்டி முடித்தார்கள். நான் நின்ற இடத்திலிருந்தே தெரிந்தது. நிலை வீட்டு உள்பக்கமாக ஒரு விரற்கடை சாய்ந்திருந்தது.

"சார், கலவ ஈரமாத்தான் கீது. இப்ப ஒரு தட்டு தட்னா நேராயிடும்."

"கற்பூரம் காட்டின நிலைய அசைக்கக் கூடாது. நீ கிட்டயே வராதே."

பாய் வண்டியைக் கிளப்பும்போது அவரிடம் போனேன். "நீங்களாவது ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம் பாய்."

"எனக்கும் வேல வேணும்லப்பா. என் கைவேல சுத்தம்னு சொல்றாரே, அவராண்ட போயி எனக்கு வாடகைக்கு ஒரு வூடு கேளு. அப்ப தெரியும். உன்ன மூஞ்சிக்கு நேரா கேக்கறாங்க. என்னக் கேக்காமலே அனுப்பிடுவாங்க." சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. பாதி எழும்பிய சுவருக்கு வேறு கொத்தனார் லேசில் வர மாட்டான். மூன்றாவது மாதம் கதவு மாட்டினார்கள். சாத்திவிட்டுக் கையை எடுத்தால் அது தானாக உள்ளே திறந்துகொண்டது. நான் சாரத்தில் நின்று வெளிச்சுவர் பூசிக்கொண்டிருந்தேன். அப்போது சாரின் மைத்துனர் வந்தார். கதவை இரண்டு தடவை சாத்திப் பார்த்தார்.

"இன்னா மாமா, நிக்கவே மாட்டேங்குது? யாரு வெச்ச நிலை?"

"மேல நிக்கறான் பாரு, மாணிக்கவேலு. அல்லேலூயா கொத்தனாரு."

"அதானே பாத்தேன்."

இறங்கினேன். "நான் வெக்கல சார். அன்னிக்கு என்னைக் கிட்ட வராதேன்னு சொன்னது நீங்கதான்."

"பொட்டு வேணாம்னு நல்ல நேரத்துல தகராறு பண்ணது யாரு? அப்பறம் எப்படி நேரா நிக்கும்?"

துளசிங்கம் அண்ணனைப் பார்த்தேன். அவர் மணல் சலிப்பதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நான் வெக்கல." இந்தத் தடவை தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னேன்.

"சரிப்பா, சரிப்பா, போயி வேலையப் பாரு" என்று மைத்துனர் கையை ஆட்டினார்.

மேலே ஜெயக்கொடி ஏற்றி வைத்த சட்டியில் கலவை இறுகிக்கொண்டிருந்தது. ஏறினேன்.