அப்பாவுக்கு எத்தனை பங்காளிகள்

நினைவுக் கூட்டத்தில் பேசுவதற்கென்று மகள் மூன்றே மூன்று விஷயங்களை எடுத்து வைத்திருந்தாள். மூன்றும் அப்பாவுக்கும் அவளுக்கும் மட்டுமே தெரிந்தவை. நகையைப் பெட்டியில் வைத்து, பெட்டியைப் பீரோவில் வைத்து, பீரோ சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு திரிகிறவளைப்போல, அந்த மூன்றையும் மனசுக்குள் பூட்டிக்கொண்டு, குடியிருப்பு ஹாலின் முதல் வரிசையில் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். கடைசிப் பேச்சு அவளுடையது.

கூட்டமென்றால் அப்படியொரு கூட்டம். நாற்காலி தீர்ந்து ஜன்னல் திட்டில் ஏறினார்கள். ஜன்னலும் தீர்ந்து, ஒருவர் மடியில் ஒருவர் உட்காராததுதான் பாக்கி. கடைசி வரிசையில் மூச்சு விட்டால் முதல் வரிசையில் தலை கலைந்தது. மேடையில், பெரிதாக்கி வைத்த போட்டோவுக்குள்ளிருந்து அப்பா எல்லாரையும் பார்த்து ஒரே அளவாகச் சிரித்துக்கொண்டிருந்தார். அதுவே மகளுக்குப் பிடிக்கவில்லை.

அப்பா லிப்ட் மெக்கானிக். பகலெல்லாம் லிப்ட்டைப் பார்த்துக்கொள்வார். மற்ற நேரமெல்லாம் ஊரைப் பார்த்துக்கொள்வார். ஆஸ்பத்திரியில் வரிசை பிடிக்க வேண்டுமா, கூப்பிடு அவரை. குழாய் அடைப்பா, கூப்பிடு அவரை. காலையில் பள்ளிக்கூட வாசலில் குழந்தைகளை ரோட்டைத் தாண்டிவிடுவதும் அவர்தான். அவர் கையைத் தூக்கினால் லாரி நிற்கும், பஸ் நிற்கும், மேலே போகிற விமானம்கூட ஒரு நிமிஷம் யோசிக்கும். மகளும் அவரும் சேர்ந்து எங்கேயாவது கிளம்பினால், தெருமுனைக்குள் நாலு பேர் சேர்ந்துவிடுவார்கள். அப்பாவைத் தனியாகப் பார்ப்பதென்றால் மனு போட வேண்டிய நிலைமை. அந்த வயிற்றெரிச்சல் அவளோடு கூடவே வளர்ந்து, கல்யாணமாகிப் போன வீட்டுக்கும் சீர்வரிசையோடு சேர்ந்து போனது.

முதலில் மைக்கைப் பிடித்தது தையல்காரம்மா.

"என் பொண்ணு பிறந்தப்போ ஆஸ்பத்திரியில கையெழுத்துப் போடக்கூட ஆள் இல்லை. அவர்தான் நின்னார். எனக்கு அவர் கூடப்பிறந்த அண்ணன் மாதிரி. என்னை எப்பவும் 'வாங்க இன்ஸ்பெக்டர்'னுதான் கூப்பிடுவார். அந்தக் குரலை இனிமே எங்கே கேட்கப் போறேன்!"

மகளுக்குச் சுருக்கென்றது. பீரோவுக்குள் இருந்த முதல் நகை அதுதான். சின்ன வயதில் அவள் அப்பாவின் ஸ்பானர் பையைக் கொட்டி ஒவ்வொன்றாகச் சோதனை போடுவாள். அதற்காக அவர் அவளுக்குக் கொடுத்த பட்டம் இன்ஸ்பெக்டர்.

"என்னையும் அப்படித்தாங்க கூப்பிடுவார்!" என்று பின்னாலிருந்து மருந்துக்கடைக்காரர் எழுந்தார். "என்னையும்!" என்றது ஜன்னல் பக்கம். ஹாலில் இருந்த இன்ஸ்பெக்டர்களை வைத்து ஒரு மாநிலத்தையே கட்டி ஆண்டிருக்கலாம்.

"என்னடி, பல்லைக் கடிக்கிறே?" என்றாள் அம்மா, உதடு அசையாமல்.

"ஊருக்கெல்லாம் ஒரே பேர் வச்சிருக்கார்மா அந்த மனுஷன்."

"ஆளுக்கொரு பேர் வச்சா ஞாபகம் இருக்குமா அவருக்கு? விடு."

அடுத்து வந்தான் தம்புள்ஸ். உடற்பயிற்சிக்கூடம் நடத்துகிற பையனுக்கு ஊர் வைத்த பெயர். அவன் மேடையில் ஏறியதும் மேடை ஒருமுறை முனகியது. "எனக்கு சைக்கிள் ஓட்டக் கத்துக்கொடுத்தது மாமாதான். சீட்டைப் பிடிச்சுக்கிட்டே ஓடி வருவார். 'பிடிச்சிட்டுத்தான் இருக்கேன், நீ போ'ம்பார். திரும்பிப் பார்த்தா, மாமா அங்கே தூரத்துல நின்னு கையாட்டிட்டு இருப்பார்." அவ்வளவு பெரிய உடம்பு குலுங்கிக் குலுங்கி அழுதது.

இரண்டாவது நகையும் போயிற்று. அந்தப் பொய்யை அப்பா தனக்காகவே கண்டுபிடித்ததாக அல்லவா அவள் நினைத்திருந்தாள்! சபையில் பாதித் தலைகள் ஆமாம் ஆமாம் என்று ஆடின. அந்த வட்டாரத்தில் கீழே விழாமல் சைக்கிள் ஓட்டுகிற அத்தனை பேரும் அதே பொய்யில் முளைத்தவர்கள்.

"பங்காளிங்க மாதிரி வந்து பாகம் பிரிக்கிறாங்கம்மா," என்றாள் மகள்.

"உன் பங்கு உனக்கு இருக்கும். மூக்கைச் சிந்து, எல்லாரும் பார்க்கிறாங்க."

"நான் அழலை. கோபத்துல வருது."

மிச்சமிருந்தது ஒன்று. ஆரஞ்சுப் பழம். தோலை அறுந்துபோகாமல் ஒரே சுருளாக உரித்து, சுளையைத் தனியே எடுத்து, தோலை மறுபடி முழுப் பழம்போலக் கூட்டி, அவளுடைய சாப்பாட்டு டப்பாவுக்குள் வைத்து அனுப்புவார். ஆசையாகக் கையில் எடுத்தால் உள்ளே காற்று! சுளையெல்லாம் டப்பாவின் அடித்தட்டில் சிரித்துக்கொண்டிருக்கும். இதை எவனும் தொட முடியாது என்று அவள் நிமிர்ந்து உட்கார்ந்தபோது, கணக்கு வாத்தியார் தடியை ஊன்றிக்கொண்டு எழுந்தார்.

"எனக்குக் கால் முறிஞ்சு படுத்திருந்த சமயம். பார்க்க வந்தவர் கையில ஒரு ஆரஞ்சைக் கொடுத்தார். வாங்கிப் பார்த்தா..."

மேற்கொண்டு அவர் சொல்லவே வேண்டியிருக்கவில்லை. "உள்ளே ஒண்ணும் இருக்காது!" என்று ஹாலே கோரஸாகக் கத்தியது. சிரிப்பில் கூரை எழும்பிப் பக்கத்துக் கட்டடத்தில் போய் உட்கார்ந்தது. மகள் மட்டும் சிரிக்கவில்லை. பீரோ திறந்து கிடந்தது, பெட்டி காலி. இன்னும் கொஞ்ச நேரத்தில் அவளைக் கூப்பிடுவார்கள். பெற்ற மகள் மைக் முன்னால் போய் நின்று, 'எனக்கு முன்னால் பேசிய அனைவரும் சொன்னதையே நானும் வழிமொழிகிறேன்' என்று சொல்லிவிட்டு வர வேண்டியதுதான். இவர்களுக்குக் கிடைத்ததைவிட ஒரு துளி, ஒரே ஒரு துளி, அதிகமாக அவளுக்குக் கிடைத்ததா இல்லையா? அதுகூடத் தெரியாமல் வீட்டுக்குப் போவதா?

குடியிருப்போர் சங்கச் செயலாளர் மைக்கைத் தட்டினார். "ஒன்று மட்டும் சொல்லி முடிக்கிறேன். இத்தனை வருஷத்தில் அந்த மனிதர் ஒரு நாள், ஒரு தடவை, யாரைப் பற்றியாவது ஒரு குறை சொல்லி யாராவது கேட்டதுண்டா?"

"இல்லை!" என்றது ஹால். தையல்காரம்மா இரண்டு தடவை சொன்னாள்.

"அவர் வாயிலிருந்து கடுஞ்சொல் வந்ததில்லை. இதற்கு அவருடைய மகளே சாட்சி. வாம்மா, வந்து சொல்லு."

மகள் எழுந்தாள். பாதி வழியில் அவளுக்கு என்னவோ போலாகி, புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். பாவம், துக்கம் தாளவில்லை என்று முன்வரிசை உச்சுக் கொட்டியது.

துக்கமாவது! குறை சொன்னதில்லையா, அவரா? சாயங்காலம் வீட்டுக் கதவைச் சாத்திச் சட்டையைக் கழற்றி மாட்டினால், அந்த ஆணியிலேயே நல்ல பெயரையும் மாட்டிவிடுவார். தட்டு முன்னால் உட்கார்ந்ததும் ஆரம்பிக்கும் கச்சேரி. சொந்த ரவிக்கையைத் தவிர உலகத்தில் வேறெதையும் சொன்ன தேதிக்குத் தைத்துக்கொடுக்காத தையல்காரம்மா. பீரோ தூக்கும்போது சத்தத்தை மட்டும் தான் தூக்கிக்கொண்டு, பாரத்தையெல்லாம் அப்பாவிடம் தள்ளிவிடுகிற தம்புள்ஸ். நாடி பிடித்து எண்ணைச் சொன்ன நர்ஸிடம் 'வழிமுறையைக் காட்டு' என்று மார்க் குறைத்த வாத்தியார். நடித்தே காட்டுவார். தம்புள்ஸ் மாதிரி முக்குவார், வாத்தியார் மாதிரி மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்ப்பார். அம்மா, "ஆரம்பிச்சாச்சா!" என்று சமையலறைக்குள் போய்விடுவாள். மகளுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறும். மறுநாள் காலையில் அதே ஆட்களுக்காக அதே அப்பா ஓடுவார், முகத்தில் ஒரு சுருக்கமில்லாமல்.

மைக்கைப் பிடித்து, அந்த முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். எல்லாம் நல்ல முகங்கள்தான். இன்றைக்கு என்று பார்த்து இன்னும் நல்லதாகத் தெரிந்தன.

"அப்பா," என்றாள், "தினமும் சாப்பிடும்போது உங்க ஒவ்வொருத்தரைப் பத்தியும் என்கிட்ட பேசுவார். ஒருத்தரை விட்டதில்லை."

ஹால் அப்படியே உருகிப்போயிற்று.

"என்னைப் பத்தி என்னக்கா சொன்னார் மாமா?" என்று கத்தினான் தம்புள்ஸ்.

"அது எனக்குச் சொன்னது," என்றாள் மகள். வணக்கம் போட்டுவிட்டு இறங்கினாள்.

அவ்வளவுதான், மொய்த்துவிட்டார்கள். தையல்காரம்மா கையைப் பிடித்துக்கொண்டு, "இன்ஸ்பெக்டர்னு கூப்பிட்டவர், வேற என்னம்மா சொன்னார், எனக்கு மட்டும் சொல்லேன்," என்று கெஞ்சினாள். செயலாளர், தான் ஒன்றும் கேட்கவில்லை என்ற முகத்தோடு மூன்று தடவை குறுக்கே நடந்தார். இத்தனை நேரம் அவள் அவர்களைப் பார்த்த பார்வையில் இப்போது அவர்கள் அவளைப் பார்த்தார்கள். ஆகா, என்ன குளுமை! சந்தனக் குளத்தில் முங்கி எழுந்த மாதிரி இருந்தது அவளுக்கு. ஒருவருக்கும் ஒரு எழுத்துக்கூடச் சொல்லாமல் அம்மாவை அழைத்துக்கொண்டு வெளியே நடைபாதைக்கு வந்தாள்.

"என்கிட்ட அவர் ஒண்ணுகூடச் சொன்னதில்லை," என்றாள் அம்மா திடீரென்று.

"நீதான் எழுந்து போயிடுவியே."

"போனா? 'எங்கே போறே, நீயும் உட்காரு'ன்னு ஒரு நாளாவது சொன்னாரா? உன் மூஞ்சியைப் பார்த்துத்தான் எல்லாம் வரும் அவருக்கு. எனக்கு எப்படி எரியும் தெரியுமா? கதவுக்குப் பின்னால நின்னு ஒட்டுக்கேட்டேன்டி. குழாயைத் திறந்துவிட்டுட்டுச் சிரிச்சேன், சத்தம் வெளியே கேட்கக் கூடாதுன்னு."

மகள் நின்றுவிட்டாள். சமையலறைக் குழாய் எந்நேரமும் ஓடுகிறதே என்று அப்பா வாஷர் மாற்றிக்கொண்டே இருந்தார், பாவம்.

"எல்லாம் கேட்டியா?"

"கேட்டேன். பார்க்கத்தான் முடியலை." அம்மா குரலைத் தாழ்த்தினாள். "செயலாளர் லிப்ட்ல பாதியில மாட்டிக்கிட்டு, கௌரவம் குறையாம வெளியே வந்தார்னு சொன்னாரே, அன்னிக்கு நீ நாற்காலியோட சரிஞ்சு விழுந்தே. அப்படி என்னதான்டி பண்ணிக் காட்டினார்?"

மகள் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் பார்த்தாள். கைப்பையை அம்மாவிடம் கொடுத்தாள். சுவரில் வயிற்றை ஒட்டிக்கொண்டு, இரண்டு கையையும் மேலே நீட்டி, தாடையை மட்டும் மேடையில் நிற்கிற மாதிரி உயர்த்தி, கால் தரையைத் தேட, மெல்ல மெல்லச் சுவரோரமாகக் கீழே வழுக்கிக்கொண்டே, "அன்பார்ந்த குடியிருப்போரே, இழுங்கள்!" என்றாள்.

அம்மா கைப்பையைக் கீழே போட்டுவிட்டு முகத்தைப் பொத்திக்கொண்டாள். தோள் இரண்டும் குலுங்கின. மகள் ஓடி வந்து அவளைக் கட்டிக்கொண்டாள், அவளுக்கும் நிற்கவில்லை.

ஹால் வாசலில் செயலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "யாரும் கிட்டே போக வேண்டாம்," என்றார் கூட்டத்திடம். "அழுது தீர்க்கட்டும்."