வேற பல்லி

வீடு பார்க்க வந்த முக்கூடல்காரர், பேச்சுக்கிடையே பல்லி சொன்னால் அது சத்தியம் என்று நம்புகிறவர். தரகர் இதை முன்கூட்டியே காதில் போட்டுவிட்டதால், சங்கரலிங்கம் தன் மனைவி பிரம்மநாயகியை அடுப்படிக் கதவுக்குப் பின்னால் நிறுத்தியிருந்தார். அவள் நாக்கைத் தட்டினால் அசல் பல்லியே தோற்றுப்போகும்.

“எந்த மழைக்கும் ஒழுகாது, அண்ணாச்சி.”

ச்சு, ச்சு, ச்சு.

“சித்திரையிலயும் கிணத்துல தண்ணி கெடக்கும்.”

ச்சு, ச்சு, ச்சு.

முக்கூடல்காரர் பயபக்தியோடு விரலால் நாற்காலியைத் தட்டிக்கொண்டார். “மதினிக்கும் விக்கச் சம்மதந்தானே?”

“நான் சொல்லி அவ ஒருநாளும் மறுபேச்சு பேசுனதில்ல.”

சத்தமே இல்லை. சங்கரலிங்கம் செருமிக்கொண்டு, அதையே உரக்கச் சொன்னார்.

அடுப்படியிலிருந்து பதில் வந்தது: “இந்தப் பொய்க்கு வேற பல்லியப் பாருங்க!”